சேர்ந்த தேதி

பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்து வயிறு எரிய எனக்கு அதுவரை ஒரு காரணமும் இருந்ததில்லை. அவள் பத்தாவது, நான் ராசிபுரத்தில் பி.காம். முடித்தவள். அவள் நூற்பாலையில் ஷிப்டு பார்த்துவிட்டுத் தலையெல்லாம் பஞ்சோடு வேனில் வந்து இறங்குவாள். நான் புதுச்சத்திரத்தில், நெடுஞ்சாலையோரம் ஒரு டயர்க்கடை மாடியில், அந்த ஆலைக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர் ஆபீசில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பேன். அவளை வேலைக்குச் சேர்த்ததே நான்தான். அதை மறக்க நான் அவளையும் விட்டதில்லை, தெருவையும் விட்டதில்லை.

எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. பதினொரு மாதம் முடிந்ததும் ஆட்களுக்கு நாலு நாள் 'பிரேக்' கொடுப்போம். ஐந்தாம் நாள் புது டோக்கன் நம்பரோடு புதிதாகச் சேர்ந்த மாதிரி எழுதிக்கொள்வோம். யாருக்கும் தொடர்ந்து ஒரு வருடம் வேலை பார்த்ததாகக் கணக்கு வரக்கூடாது, அதற்காகத்தான். அது அந்தப் பெண்களுக்குத் தெரியாது. லீவு என்றே நினைத்தார்கள். "அக்கா, எம் பிரேக்கக் கொஞ்சம் முன்னாடியே போடுங்க, மேச்சேரி கோயிலுக்குப் போகோணும்" என்று கெஞ்சிக் கேட்டு வாங்கிப் போனவர்கள் உண்டு. லீவு லெட்டர் என்று அவர்கள் கையெழுத்துப் போட்ட தாளில் 'சொந்தக் காரணத்தால் வேலையிலிருந்து விலகுகிறேன்' என்று இருக்கும். அந்த வாசகத்தை அச்சடித்தது நான். பக்கத்து வீட்டுக்காரி ஒன்பது வருடத்தில் பல தடவை விலகி, பல தடவை சேர்ந்திருக்கிறாள்.

பிறகு புதிய தொழிலாளர் சட்டம் வந்தது. ஆலையின் முக்கிய வேலையில் கான்ட்ராக்ட் ஆட்களை வைக்கக் கூடாது, கூட்டுவது, சமைப்பது, காவல், ஏற்றி இறக்குவது போன்றவற்றுக்கு வைத்துக்கொள்ளலாம், யாராக இருந்தாலும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்றார்கள். ஆலைக்காரர்கள் ஆடிட்டரைக் கேட்டுவிட்டு, மெஷினில் நிற்கும் அறுபத்திரண்டு பெண்களையும் தாங்களே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். ஐந்து வருடத்துக்கு மேல் இருப்பவர்களுக்கு நிரந்தர வேலை, மற்றவர்களுக்கு ஒரு வருடத்துக்கு மட்டும். கடிதத்தின் மாதிரியை எங்களுக்கே அனுப்பி, பெயரும் தேதியும் நிரப்பி அச்சடித்துத் தரச் சொன்னார்கள்.

"பிரேக்குத் தேதியெல்லாம் வேண்டாம்மா. நெசமாச் சேந்த தேதியவே போட்டுரு. ஆளுங்க அங்க போவுது, இனி நமக்கென்ன" என்றார் எங்கள் முதலாளி.

கடிதங்களை அடிக்க அடிக்க எனக்கு உள்ளே புகைந்தது. நான் பெயர் எழுதிச் சேர்த்தவர்களுக்கெல்லாம் கடிதம். பதினான்கு வருடமாக அந்த நாற்காலியில் இருக்கும் எனக்கு ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. பி.எஃப். கிடையாது, ஈ.எஸ்.ஐ. கிடையாது, சம்பளம் கையில். ஒரு நாள் மதியம் வெட்கத்தை விட்டு முதலாளியிடம் கேட்டேன்.

"அண்ணா, சட்டப்படி எல்லாருக்கும் லெட்டர் கொடுக்கோணுமாம். எனக்கும் ஒண்ணு அடிச்சுக்கட்டுங்களா?"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "உனக்கு எதுக்கு சாமி லெட்டரு? நீ எங்க ஊட்டுப் புள்ளையாட்ட."

வீட்டுப் பிள்ளை என்று சொன்ன பிறகு மேலே என்ன கேட்பது? டீ வாங்கிக் கொடுத்தார், குடித்தேன்.

அன்று சாயங்காலம் வாசலில் கோலமாவு டப்பாவை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரி தெருவுக்கே சொல்லிக்கொண்டிருந்தாள். "நான் பர்மனென்ட் ஆவப் போறனுங்க. எம் மாமியா இனி வாயத் தெறப்பாளான்னு பாக்கலாம்." அவள் சிரித்தது என்னைப் பார்த்து அல்ல. ஆனாலும் எனக்கு அப்படித்தான் பட்டது. பஞ்சு படிந்த அந்தத் தலைக்கு இவ்வளவு கொழுப்பா என்று நினைத்தேன். அந்த வார்த்தையைத்தான் நினைத்தேன்.

மறுநாள் அவள் கடிதத்தை அடிக்கும் முறை வந்தபோது, சேர்ந்த தேதி என்ற இடத்தில் கடைசி பிரேக் முடிந்து அவள் திரும்பி வந்த தேதியைப் போட்டேன். ஏழு மாதத்துக்கு முந்தைய தேதி, அதற்கு ஒரு வருட வேலைதான். மற்ற அறுபத்தொரு பேருக்கும் சரியான தேதி. அன்று மதியம் நன்றாகச் சாப்பிட்டேன் என்பதும் ஞாபகம் இருக்கிறது.

கடிதம் கொடுத்த அன்று அவள் அழுதுகொண்டே மாடியேறி வந்தாள். "அக்கா, எனக்கு மட்டும் ஒரு வருசம்னு போட்டிருக்குது. மில்லுக்காரங்க தப்பாப் போட்டுப்போட்டாங்க. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் எப்பச் சேந்தேன்னு உங்களுக்குத்தான தெரியும்?"

என்ன சாக்குச் சொல்வதென்று தெரியாமல் அவளோடு வேனில் ஏறினேன்.

ஆலையின் பணியாளர் அதிகாரி கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பேப்பர்ல ஏழு மாசம்தான் இருக்கு. ஒன்பது வருஷம்னு யார் சொல்றது?"

"இந்த அக்காதானுங்க. இவங்கதான் என்னைச் சேத்துவிட்டது."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க அந்த ஆபீஸ்ல எத்தனை வருஷமா இருக்கீங்க?"

"பதினாலு வருசமுங்க."

"அதுக்கு ஆதாரம் ஏதாவது? உங்க நியமனக் கடிதம், பி.எஃப். நம்பர்?"

பக்கத்திலிருந்து அவள் சொன்னாள்: "அதுக்கு நான் சாட்சிங்க. நான் வேலை கேட்டுப் போன அன்னைக்கு அந்தச் சேர்ல இவங்கதான் உக்காந்திருந்தாங்க. அதுக்கு முன்னாடியே அஞ்சு வருசமா இவங்க அங்க போயிட்டு வாரதப் பாத்திருக்கறேன். எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்."

இத்தனை வருடத்தில் எனக்காக யாரும் அப்படிப் பேசியதில்லை.

"தேதி தப்புங்க சார்" என்றேன். "டைப்பிங் மிஸ்டேக்கா?" என்றார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். "அறுவது பேருக்கு அடிச்சா ஒண்ணு தப்பத்தானுங்க செய்யும்" என்று அதற்கும் அவளே பரிந்து பேசினாள். மறு வாரம் புதுக் கடிதம் வந்தது, சரியான தேதியோடு.

அன்றிலிருந்து அவள் என்னை விடுவதில்லை. நாமக்கல்லில் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய் எனக்கும் கடிதம் கேட்டு மனுக் கொடுக்கலாமாம், லீவு போட்டுவிட்டுக் கூடவே வருவாளாம். இப்போது அவளுடைய அந்த நல்ல மனசின் மேல்தான் எனக்குப் பொறாமை. வாரம் தவறாமல் வாசலில் நின்று கேட்கிறாள்: "எப்பப் போலாங்க்கா?" என் பதினான்கு வருடத்துக்கு உலகத்தில் அவள் ஒருத்திதான் சாட்சி. அவளைக் கூட்டிப் போவதற்கு முன்னால் அந்தத் தேதியைத் தெரிந்தேதான் போட்டேன் என்று நான் சொல்லியாக வேண்டும். அடுத்த வாரம் பார்க்கலாம் என்கிறேன்.