புவனாக்கா கதைத்த ஒரே வசனம்

யாழ்ப்பாணம் திருநெல்வேலிச் சந்தைக்கு முன்னால் தேநீர் குடித்துக்கொண்டு நின்றபோதுதான் கைபேசியில் அந்த மரண அறிவித்தல் வந்தது. வல்வெட்டித்துறையைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட புவனேஸ்வரி காலமானார் என்றிருந்தது. இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, கனடாவில் வசிக்கும் இன்னாரின் அன்புத் தாய், கூட்டுறவுச் சங்கக்கடையின் முன்னாள் ஊழியர். மைத்துனிமார், சம்பந்திமார், பெறாமக்கள் என்று ஒருவர் தவறாமல் எல்லோரும் அதில் இருந்தார்கள். அவர் ஒரு நடிகை என்பது மட்டும் இல்லை. தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு மோட்டார்சைக்கிளை எடுத்தேன்.

மகன் கனடாவிலிருந்து வந்து சேர்ந்ததும், நடிகை என்பதை ஏன் போடவில்லை என்று செத்தவீட்டில் அவரிடம் கேட்டும்விட்டேன். துக்க வீட்டில் கேட்கிற கேள்வியா என்று உங்களில் சிலர் முகம் சுளித்தது தெரியும். விமானத்தால் இறங்கி நேரே வந்திருந்த அந்தப் பிள்ளை கோபிக்கவில்லை. "அது அம்மா சின்னப்பிள்ளையிலை நடிச்சது தானே அண்ணை," என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "முப்பத்தொண்டாம் நாள் அந்தியேட்டிக்கு நினைவுமலர் அடிக்கிறம். நீங்கள் அதைப் பற்றி எழுதித் தாங்கோவன்," என்றார். அதனால் எழுதுகிறேன். நான் படங்களுக்கு ஒலிப்பதிவு செய்கிறவன், எழுதிப் பழக்கம் குறைவு. புவனாக்காவை என்னைவிட நீண்டகாலம் அறிந்த நீங்கள் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எழுபதுகளில், எங்கள் நாட்டிலும் தமிழ்ப்படம் எடுக்கலாம் என்று பலர் நம்பிய காலத்தில், ஒரு படக்குழு வல்வெட்டித்துறைக் கடற்கரைக்கு வந்தது. வள்ளத்தில் ஏறப் பயப்படாத ஒரு சிறுமி அவர்களுக்குத் தேவைப்பட்டாள். கடலோடியின் மகளான புவனா, கேட்பதற்கு முன்னமே ஏறி வள்ளத்தின் முன்முனையில், அணியத்தில், உட்கார்ந்துவிட்டாள். அந்தப் படம் ஓடியதால் அடுத்தடுத்து இன்னும் இரண்டு படங்கள் கிடைத்தன. படங்களின் பெயர்களை நான் எழுதவில்லை. பெயரைச் சொன்னால் உடனே "ஓ, அந்தக் குரல்!" என்பீர்கள். புவனாக்காவுக்கு வாழ்நாள் முழுவதும் பிடிக்காமல் இருந்தது அந்தப் பாராட்டுத்தான்.

காரணம், அது அவருடைய குரல் இல்லை. அந்தக் காலத்தில் சத்தமில்லாமல் படம் பிடித்து, பிறகு கொழும்பில் வைத்துக் குரல் சேர்ப்பார்கள். வானொலி நாடகங்களில் குழந்தையாகப் பேசிப் பழகிய ஒரு பெண்மணி புவனாவுக்காகப் பேசினார். இந்தியப் படத் தமிழில் பேசினால்தான் சனம் பார்க்கும் என்று வேறு முடிவு செய்திருந்தார்கள். கடற்கரையில் நின்று புவனா கத்தியது, "அப்பா, கெதியா வாங்கோ!" திரையில் வந்தது, "அப்பா, சீக்கிரமா வந்துடுங்க!"

முதற் காட்சிக்குத் தகப்பனார் ஒரு லொறி பிடித்து, தெருவையே யாழ்ப்பாணம் கொண்டுபோனாராம். புவனாக்கா அந்த நாளைச் சொல்லும்போது சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

"எனக்கு ஒண்டும் விளங்கேல்லைத் தம்பி. என்ரை வாய் அசையுது, சத்தம் வேறையாற்றையோ. அம்மாவைச் சுரண்டி, 'அம்மா, உது ஆர் கதைக்கிறது?' எண்டு கேட்டன். 'சத்தம் போடாதை, நீதான் கதைக்கிறாய்' எண்டு அம்மா கிள்ளிப்போட்டா. அண்டைக்குத் தியேட்டர் முழுக்க அழுதுது. நானும் அழுதன். ஆனால் நான் அழுதது வேறை காரணத்துக்கு."

அதற்குப் பிறகு கலியாண வீடு, கோயில் திருவிழா, எங்கே போனாலும் பிடித்து நிறுத்தி அந்த வசனத்தைச் சொல்லச் சொல்வார்கள். தன் குரலில் சொன்னால், "உப்பிடியில்லை, படத்திலை வேறை மாதிரியல்லோ," என்று முகம் வாடுவார்களாம். கடைசியில், தனக்காகப் பேசிய பெண்மணியைப் போலவே பேசிக்காட்டப் பழகிவிட்டார். ஊர் கைதட்டியது. பத்து வயதுப் பிள்ளைக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

பிறகு அவர் வளர்ந்தார். பெரிய பிள்ளையானதும் வீட்டில் மறித்தார்கள். மறிக்காவிட்டாலும் பயனில்லை, படக்காரர்களுக்கு வேண்டியிருந்தது சிறுமிதான். "வளர்ந்ததுக்காக வேலை போன ஆள் நான்தான்," என்பார். சில வருடங்களில் படம் எடுப்பதே நின்றுபோனது. அந்த மூன்று படங்களின் சுருள்களும் கலவரத்தில் எரிந்துவிட்டதாகக் கேள்வி. புவனாக்கா கலியாணம் முடித்தார், இடம்பெயர்ந்தார், கணவரை நோய்க்குக் கொடுத்தார், சங்கக்கடையில் சீனியும் மாவும் நிறுத்து மகனைப் படிப்பித்தார். நடிப்பு என்ற பேச்சு அவருடைய வீட்டில் எழுந்ததில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நிரோஷன் என்ற இளம் இயக்குநர் காணாமற்போன மகனுக்காகக் காத்திருக்கும் தாய் ஒருத்தியைப் பற்றிப் படம் எடுக்க வெளிக்கிட்டார். பல்கலைக்கழகத்தில் படித்து முடித்த கையோடு வந்தவர், நல்ல பிள்ளை. அந்தப் படத்துக்கு ஒலிப்பதிவு நான். யாரோ புவனாக்காவைப் பற்றிச் சொல்ல, இருவருமாக வல்வெட்டித்துறைக்குப் போனோம். அவர் எங்களுக்குத் தோடம்பழச் சாறு தந்துவிட்டு, ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.

"நான் கதைக்கிற ஆளோ, கதைக்காத ஆளோ?"

நிரோஷன் உற்சாகமாக விளக்கினார். மகன் போன நாளிலிருந்து அந்தத் தாய் யாரோடும் ஒரு வார்த்தை கதைப்பதில்லை, படம் முழுக்க மௌனம். "உங்கடை முகமே போதும் அன்ரி," என்றார்.

புவனாக்கா குவளைகளை எடுத்து அடுக்கினார். "முகத்தை அண்டைக்கே எடுத்துப்போட்டாங்கள், தம்பி. குரலைத்தான் இன்னும் ஒருத்தரும் எடுக்கேல்லை," என்றார். நிரோஷனுக்கு அது விளங்கவில்லை. அந்தக் கதையெல்லாம் எனக்கும் பிறகுதான் தெரியவந்தது. ஆனாலும் புவனாக்கா ஓம் என்றார். இத்தனை வருடம் கழித்து வந்த வேலையை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

முதல் நாள் ஒரு வேடிக்கை நடந்தது. கமரா ஓடத் தொடங்கிவிட்டது, புவனாக்கா அசையாமல் நிற்கிறார். நிரோஷன் காத்திருக்கிறார், அவரும் காத்திருக்கிறார். கடைசியில் புவனாக்காதான் பொறுக்கமுடியாமல், "ஏன் ஒருத்தரும் ஒண்டும் சொல்லாமல் நிக்கிறியள்?" என்று கேட்டுவிட்டார். சத்தம் பதியாத அந்த நாளில் இயக்குநர் கமராவுக்குப் பக்கத்தில் நின்று, "இப்ப திரும்பு, இப்ப கடலைப் பார், இப்ப அழு," என்று கத்திக்கொண்டே இருப்பாராம். அந்தச் சத்தத்துக்காக அவர் காத்து நின்றிருக்கிறார். இப்போது படத்தோடு சேர்த்துச் சத்தத்தையும் பதிகிறோம், அதனால் எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று நான் சொன்னேன். தலைக்கு மேலே நீட்டியிருந்த மைக்கை அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப நான் மூச்சு விடுறதும் உதுக்கை விழுமே?"

"விழும் அக்கா."

"கதைச்சாலும் விழும்."

"ஓம்."

அன்றிலிருந்து படப்பிடிப்பு முடியும்வரை, ஒவ்வொரு காட்சிக்கு முன்பும் மைக் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்வார்.

கடைசிக் காட்சியில் மகன் வேலிப் படலையைத் திறந்துகொண்டு வருவான். அது நிசமா நினைப்பா என்று படத்தில் சொல்லப்படாது. தாய் வாசலில் நின்று பார்ப்பாள், அவ்வளவுதான். மகனாக நடித்தவர் உள்ளே வந்தார். புவனாக்கா பார்த்தார். பார்த்துவிட்டுச் சொன்னார்:

"வந்திட்டியே அப்பன். கை காலைக் கழுவிப்போட்டு வா, சோறு ஆறப்போகுது."

மகனாக நடித்தவருக்குக் கண் கலங்கிவிட்டது. நிரோஷன்தான் முதலில் சுதாரித்து நிறுத்தினார். "அன்ரி, இதிலை வசனம் இல்லை," என்றார் தன்மையாக.

"தெரியும் தம்பி. வாய் கேக்கேல்லை."

மறுபடி எடுத்தோம். இந்தமுறை அவர் கதைக்கவில்லை. அந்த முதலாவதை வைத்துக்கொள் என்று அன்று பின்னேரமே நான் நிரோஷனோடு சண்டை பிடித்தேன். "அண்ணை, அந்த அம்மா கதைச்சால் என்ரை படம் அதிலையே உடைஞ்சுபோம்," என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் அந்த மௌனத்தைத்தான் மெச்சினார்கள்.

யாழ்ப்பாணத்தில் திரையிட்ட நாளன்று புவனாக்கா பட்டுச்சேலை உடுத்து வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தார். கடைசிக் காட்சி வந்தபோது கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் சரிந்தார். திரையில் அந்தத் தாய் பார்த்தாள், பார்த்துக்கொண்டே நின்றாள், படம் முடிந்துவிட்டது. மேடையில் ஒருவர், கதைக்காமலே கதைத்த நடிகை என்று புகழ்ந்தார். சனம் எழுந்து நின்று கைதட்டியது. புவனாக்காவும் தட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, "பாத்தியே, இந்த முறையும் கதைக்க விடேல்லை," என்று சிரித்தார். நான் அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் வயர்களைச் சுற்றப் போய்விட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியோடு அவருடைய வீட்டுக்குப் போனேன். ஒலிப்பதிவுக்காரன் எதையும் இலகுவில் அழிக்கமாட்டான், அந்த வசனம் என்னிடம் பத்திரமாக இருந்தது. ஹெட்போனை அவருடைய காதில் மாட்டிவிட்டு ஓடவிட்டேன். ஒன்பது வயதில் நடிக்கத் தொடங்கியவர் தான் நடித்த குரலை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டார். அழுவார் என்று நினைத்து, கைலேஞ்சியைக்கூட எடுத்து வைத்திருந்தேன்.

அவர் அழவில்லை. திரும்பவும் போடச் சொன்னார். மூன்றாம் முறையும் கேட்டார். ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அவசரப்பட்டிட்டன்," என்றார். "நிரோஷன் தம்பி நிப்பாட்டிப்போடுவார் எண்ட பயத்திலை, சோறு ஆறப்போகுது எண்டதை ஓடி ஓடிச் சொல்லியிருக்கிறன். வந்தவன் இனிப் போகமாட்டான் எண்டு தெரிஞ்ச தாய் ஆறுதலாத்தானே சொல்லுவாள்? இன்னொருக்கா எடுப்பம்."

மைக் என்னிடம் இருக்கவில்லை. வருகிற ஞாயிறு கொண்டுவருகிறேன் என்றேன். "வா, நான் சொல்லிப் பாத்து வைக்கிறன்," என்றார். அந்த ஞாயிறு வருவதற்கு முன் வெள்ளிக்கிழமை விடிய அவருடைய நெஞ்சு நின்றுவிட்டது.

நிரோஷன் செத்தவீட்டில் தேம்பித் தேம்பி அழுதார். இப்போது அந்தப் பதிவைத் தரச்சொல்லிக் கேட்கிறார், படத்தின் கடைசியில் சேர்த்துவிடலாமாம். உண்மையான அன்பில்தான் கேட்கிறார். நான் கொடுக்கமாட்டேன். நடித்தவர் கேட்டுவிட்டு, சரியில்லை என்று தள்ளிய பதிவு அது. அவருடைய வாயிலிருந்து வந்ததை மாற்றியும் நிறுத்தியும் மற்றவர்கள் முடிவுசெய்தது போதும்.

பக்கத்து வீட்டு மலர் என்னிடம் ஒன்று சொன்னார். புவனாக்கா போவதற்கு முதல்நாள், வியாழக்கிழமை மத்தியானம், மலர் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றபோது, புவனாக்காவின் குசினிக்குள் இருந்து, யாரையோ கை கால் கழுவிக்கொண்டு சாப்பிட வரச் சொல்லும் குரல் கேட்டிருக்கிறது. கனடாவிலிருந்து மகன் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார் என்றே மலர் நினைத்தாராம். ஈரக்கையோடு பார்க்க ஓடியிருக்கிறார். உள்ளே புவனாக்கா மட்டும் நின்றிருந்தாராம்.

அவர் திருத்திச் சொன்ன அந்த வசனம் என்னிடம் இல்லை. அதைக் கேட்டு மலர் ஓடி வந்தார் என்பதைத்தான் நான் வைத்திருக்கிறேன்.