டேப் சுற்றிய இரண்டு ஒயர்

ஆனையூர் ஹெப்சிபா பயந்தாங்கொள்ளி என்று அவள் கணவர் ஸ்டீபன் கேலி செய்வார். கேஸை மூடினோமா என்று பாதி வழியில் வீடு திரும்புகிற ஆள்தான் அவள். ஆனால் மெஷின் பழுது பார்க்கிறவளுக்குப் பயம் இல்லாமல் போனால் அது அடுத்தவர் கையில்தான் போய் முடியும் என்பது அவள் கட்சி. பதினான்கு வருடமாகக் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு கம்பெனி கம்பெனியாக அலைகிறாள். அந்தப் பயத்தை ஒரே ஒரு நாள் தள்ளி வைத்தாள்.

கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு ரப்பர் கம்பெனி. உருளைகள் ரப்பர் தாளை முன்னே தள்ளும். உருளையில் மாட்டிய என்கோடர் சுழலச் சுழலப் பல்ஸ் என்கிற மின் துடிப்புகளை அனுப்பும், கன்ட்ரோலர் எண்ணும், எண்ணிக்கை நிறைந்ததும் கத்தி இறங்கும். கத்திக்குக் கீழே கைவிட்டுத் தாளின் முனையை நேராக்கி, சட்டென்று கையை எடுத்துக்கொள்வது கனகாவின் வேலை. கூடாதுதான். மறைப்புத் தகட்டை யாரோ எப்போதோ கழற்றிப் போட்டுவிட்டார்கள், அவளுக்கும் நான்கு வருடத்தில் நேரம் பழகிவிட்டது.

"கிளவுசு ஆம்பளைக சைசுக்கா. வெரலு நுனியில வெறுங்காத்துதேன்," என்று அன்றும் சிரித்தாள்.

என்கோடர் செத்துப்போயிருந்தது. அதே வகை வரப் பத்து நாளாகும் என்பதால் மேனேஜர் வெங்கடேஷ்பாபு மதுரைக் கடையில் வேறொன்று வாங்கி வைத்திருந்தார். அதே பருமன், அதே பல்ஸ். ஆனால் பழையதில் ஆறு ஒயர், புதியதில் நாலு. பழையது லைன் டிரைவர் வகை. ஒவ்வொரு சிக்னலையும் ஒரு ஒயரில் நேராகவும் இன்னொன்றில் தலைகீழாகவும் அனுப்பும். வழியில் மின் இரைச்சல் புகுந்தால் இரண்டிலும் ஒன்றுபோல ஏறும். இரண்டுக்குமான வித்தியாசத்தை மட்டும் பார்க்கிற கன்ட்ரோலர் அதைக் கழித்துவிடும். புதியது ஓபன் கலெக்டர். சிக்னலுக்கு ஒற்றை ஒயர், துணையில்லை.

ஹெப்சிபாவுக்கு இது தெரியாததில்லை. "எப்புடியாச்சும் ஓட்டிக் குடுங்க மேடம்," என்று மேனேஜர் தலைமாட்டில் நின்றார். ஒற்றை ஒயரையே எண்ணும்படி அவள் கன்ட்ரோலரில் ஒரு சின்ன சுவிட்சை மாற்றினாள், மெஷின் பக்கம் மிச்சமிருந்த இரண்டு ஒயரையும் டேப் சுற்றி ஒதுக்கினாள். சாப்பாட்டு நேரம். பத்துத் தாள் வெட்டிப் பார்த்தாள், நூல் பிசகவில்லை. பஸ் ஏறிவிட்டாள்.

டிரைவர் ஹாரனை அமுக்கும்போதெல்லாம் பஸ் ஸ்பீக்கரில் பாட்டு கர்ரென்று இரைந்தது. மூன்றாவது ஹாரனில் ஹெப்சிபாவுக்கு உறைத்தது. சாப்பாட்டு நேரத்தில் ரப்பர் கலக்கும் பெரிய மிக்ஸிங் மோட்டாரை நிறுத்தியிருந்தார்களே! அதன் ஒயரும் என்கோடர் ஒயரும் இருபது மீட்டருக்கு ஒரே குழாயில் போகின்றன. மோட்டார் ஓடினால் கன்ட்ரோலர் இரைச்சலையும் பல்ஸாக எண்ணும். எண்ணிக்கை முந்தி நிறையும். கத்தியும் முந்தி இறங்கும்.

கனகாவின் போன் வேலை நேரத்தில் கம்பெனி கேட்டில் வைத்திருக்கும் பெட்டிக்குள் கிடக்கும். மேனேஜரைக் கூப்பிட்டாள்.

"மெஷினை நிப்பாட்டச் சொல்லுங்க சார், இப்பவே!"

"நல்லாத்தான மேடம் ஓடுது? நான் மதுரைக்குப் போற வழியில இருக்கேன். வந்து பாக்குறேன்."

பஸ்ஸை நிறுத்தி இறங்கினாள். எதிரே வந்த ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டாள். ஏசப்பா, அந்தப் பிள்ளை கை, அந்தப் பிள்ளை கை என்பதைத் தவிர வேறு ஜெபம் வாயில் வரவில்லை. கேட்டிலேயே மோட்டாரின் உறுமல் கேட்டது. ஓடிப்போய்ச் சிவப்புப் பட்டனை ஓங்கி அடித்தாள்.

கனகா மலங்க மலங்க விழித்தாள். "என்னக்கா இம்புட்டு வேகமா வாரீக?"

பக்கத்தில் அடுக்கியிருந்த தாள்கள் மேலே போகப் போகக் குட்டையாகியிருந்தன.

"தாளு சுருங்கிக்கிட்டே வருதுக்கா. உருளையில வழுக்குதாக்கும்னு, நாந்தேன் கைய இன்னும் உள்ள விட்டு இழுத்து இழுத்து விடுறேன்."

ஹெப்சிபா குனிந்து பார்த்தாள். கத்திக்கு அடியில், மஞ்சள் கிளவுசின் ஆள்காட்டி விரல் நுனி தனியாகக் கிடந்தது. கண்ணை மூடிக்கொண்டு அதை எடுத்து அமுக்கினாள்.

உள்ளே ஒன்றுமில்லை.

கனகா அப்போதுதான் தன் கையைப் பார்த்தாள். கிளவுசின் ஓட்டை வழியாக நகம் எட்டிப் பார்த்தது.