தும்புத்தடியோடு தொடங்கும் கார் ஓட்டம்

கடந்த செப்ரெம்பர் முதல் சனிக்கிழமை, இங்கே ஜேர்மனியில், ஹார்ட்ஸ் மலைக்குப் போனேன். காட்சி பார்க்க அல்ல. ஒரு காரைக் கொடுப்பதா, விடுவதா என்று முடிவெடுக்க. காலஞ்சென்ற என் கணவரின் வெள்ளை ஜப்பானியக் கார் அது. முப்பது ஆண்டுகளில் ஒரு கீறல் விழவில்லை. மாத முடிவில் கராஜைக் காலி செய்ய வேண்டியிருந்தது. காரைக் கேட்டவர் ஒருவர்தான்: எங்கள் கத்தோலிக்கக் கோயிலுக்குப் பூசை தொடங்கிய பிறகு வந்து கடைசி வாங்கில் இருக்கும் மெக்கானிக் அன்ரன். ஐம்பது வயது. அவருக்கு அது டிரிஃப்ட் ஓடத் தேவை.

டிரிஃப்ட் என்பது, காரின் பின்பக்கத்தை வேண்டுமென்றே வழுக்கவிட்டுப் பக்கவாட்டாகவே வளைவைக் கடப்பது. ஜப்பானின் மலைப்பாதைகளில் பொலிஸுக்கு ஒளித்துத் தொடங்கிய பழக்கம். இங்குள்ளவர்கள், கைவிடப்பட்ட கல்லுடைக்கும் இடத்துக்கு ஏறும் தனியார் பாதையில், ஆண்டுக்கு இருமுறை கூடுகிறார்கள். நீளம் 1.8 கிலோமீற்றர், ஏழு வளைவுகள்.

ஹனோவரிலிருந்து கோஸ்லாருக்கு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். மாதப் பயணச்சீட்டு செல்லும். அங்கிருந்து டாக்ஸியில் 14 கிலோமீற்றர், 41 யூரோ. பத்து மணிக்குப் போய் இறங்கினேன்.

பன்னிரண்டு கார்கள் நின்றன. ஒருவரும் எஞ்சினைத் தொடவில்லை. எல்லோரும் தும்புத்தடியால் பாதையைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். இலையோ சிறுகல்லோ கிடந்தால் சக்கரம் பிடிக்காதாம். நான் கன்னியர் மடத்தில் படித்தவள். கூட்டியதில் குறை தேடினேன், கிடைக்கவில்லை.

"அன்ரன், கெனேமிகுங் இருக்கோ?" என்று அனுமதிப் பத்திரத்தைக் கேட்டேன்.

"ஓம் அக்கா. நீங்கள் கேப்பியள் எண்டு தெரியும். லமினேற் பண்ணியே வச்சிருக்கிறன்."

ஐந்தாம் வளைவின் மேட்டில் நான் மட்டும் நின்றேன். அன்ரனின் முதல் இரண்டு ஓட்டங்களும் சுத்தம். மூன்றாவதில் பின்சக்கரம் புல்லில் ஏறிப் பாதையில் மண்ணை இறைத்தது. மண் இறைத்தவர் தானே அறிவித்து, கூட்டி, தன் அன்றைய ஓட்டத்தையும் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் விதி. என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை. நான் எதற்காக வந்தேன் என்பதும் அவருக்குத் தெரியும்.

அவர் இறங்கி நடந்து வந்து ரேடியோவை எடுத்தார். "ஐஞ்சாம் வளைவு. மண். நான்தான். ஒருத்தரையும் விடாதேங்கோ."

அடிவாரக் காவலில் நின்ற அவருடைய நண்பர் ஜெகனின் குரல் வந்தது: "என்ன அண்ணை, புல்லு வெட்டவோ போனனியள்?"

அன்ரன் ரேடியோவை இடுப்பில் செருகினார். தும்புத்தடியை எடுத்தார். பாதி கூட்டியதும் நிமிர்ந்தார்.

"இனிக் காரைத் தரமாட்டியள், என்ன அக்கா?"

"விளிம்பிலை இன்னும் மண் கிடக்கு. முதல் அதைக் கூட்டும்."

கூட்டினார்.

"வாற சனிக்கிழமை பத்து மணிக்குக் காரை எடுக்கக் கராஜுக்கு வாரும். பூசைக்கு வாற மாதிரிப் பிந்தி வராதையும்."

கார் கீறுப்படும், அதில் எனக்கு ஐயமில்லை. கீறினால் வந்து சொல்வார் என்பதிலும் இல்லை.

போக விரும்புவோருக்கு: தடித்த சப்பாத்தும் காதடைப்பானும் அவசியம். சாப்பாடு கொண்டு போங்கள், கழிவறை ஒன்றுதான். திரும்பும் டாக்ஸியை முன்பே சொல்லி வையுங்கள். நான் நாற்பது நிமிடம் காத்து நின்றேன். பொது வீதியில் ஓடுகிறோம் என்று யாராவது அழைத்தால் போகாதீர்கள்.

வசந்தகால ஓட்டத்துக்கும் நான் ரயிலில்தான் போவேன். கார் எனக்கு முன்பே அங்கே நிற்கும்.