மூடி திறக்காத கிண்ணம்

இட்டுக்கட்டிய கதை இல்லை. என் நாத்தனாருக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில். அவளுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னாலும் சிரித்துக் காட்டிக்கொடுத்துவிடுவாள். இதைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை.

ஆய்வுக்கூடத்தில் பூஞ்சை வளர்ப்பது அவள் வேலை. மூடி ஒட்டிய கண்ணாடிக் கிண்ணத்துக்குள் ஒரு பூஞ்சை. அறுபது நாள் அது எப்படி வளர்கிறது என்று அரை மணிக்கொரு தடவை கருவி அடுக்கடுக்காகப் படம் எடுக்கும். கணினி அவற்றைச் சேர்த்து, எந்தப் பக்கமும் திருப்பிப் பார்க்கும்படி முழு உருவமாகக் காட்டும். வெளிச்சம் பட்டால் படம் கெட்டுவிடும். அதனால் அந்த அறையில் நடுப்பகலிலும் கும்மிருட்டு.

முப்பத்தாறாம் நாள். பிற்பகல் 2.30 படத்தில், பூஞ்சையின் நடுவே ஒரு பள்ளம். விரல் நுனி அளவு.

மறுநாள் அதே 2.30... இரண்டு பள்ளம். அடுத்த நாள் நான்கு.

ஒட்டிய மூடி ஒட்டியபடியே இருந்தது.

படத்தைப் பார்த்ததும் பேராசிரியர் முகம் வெளிறிவிட்டது.

"தூக்கிப் போட்டுடும்மா. புதுசா ஆரம்பி."

"முப்பத்தெட்டு நாள் உழைப்பு சார். பேயே வந்து கேட்டாலும் தரமாட்டேன்."

மறுநாள் அவளே உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மணி 2.21.

கருவி மட்டும் முனகிக்கொண்டிருந்தது. ம்ம்ம்ம்...

2.26. முனகல் நின்றது.

டக்.

மூடியை யாரோ நகத்தால் தட்டியதுபோல்.

டக்... டக்...

அவள் எழவில்லை. கைநீட்டிக் கிண்ணத்தைப் பொத்திக்கொண்டாள்.

அவள் கைமேல்... ஒரு கை.

ஈரம். சில்லிப்பு.

"எடு கையை!" கத்தினாள். "இது என் பூஞ்சை. அறுபது நாள் முடியற வரைக்கும் ஒருத்தரும் தொடக்கூடாது. நீயும்தான்!"

கை... மெல்ல... விலகியது.

2.30. கருவி மறுபடி ஓடியது. புதிய பள்ளம் எதுவும் இல்லை.

அறுபது நாளையும் முடித்துவிட்டுத்தான் ஓய்ந்தாள்.

அதன் பிறகு ஒருநாள் அலுவலகத்து அக்கா அவளைக் கூப்பிட்டார்.

"உங்க அறை வாசல் கைரேகைக் கருவியில யாரும்மா விரல் வச்சது? நாலு நாள். நாலும் ரெண்டு இருபத்தாறு. உள்ளே போனது பதிவாகியிருக்கு. வெளியே வந்தது ஒண்ணுகூட இல்லை."

பதிவான அடையாள எண் இப்போது இருப்பவர் யாருடையதும் இல்லை. பழைய பதிவேட்டில் தேடினார்கள். ஒரு ஆய்வு மாணவர். இதே அறை. இதே பூஞ்சை. முப்பத்தாறாம் நாள் அவருடைய கிண்ணத்தைத் தூக்கிப் போடச் சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் அந்த அறையிலேயே இறந்துகிடந்தார்.

அது நடந்து ஏழு வருஷம்.

கைரேகைக் கருவியை வாசலில் மாட்டியதோ... போன வருஷம்தான்.