கஜு பொறுக்கிய கை

போன ஞாயிறு நற்பிட்டிமுனையில் ஒரு கலியாணம். பகல் சாப்பாடு. வீட்டிலிருந்து கிளம்பும்போதே மனைவி பஸ்லியா என் கையில் ஒரு சாப்பாட்டுப் பெட்டியைத் தந்தாள். ஏழு வயது மகள் ஹனாவுக்காக ஆக்கிய சோறு. அவளுக்குக் கஜு, அதாவது முந்திரிப் பருப்பு, ஆகாது. ஒரு சின்னத் துண்டு போதும் — உதடு வீங்கி, மூச்சு முட்டிவிடும்.

"பொம்புளைகள்ற பக்கம் வரமாட்டாளாம், உங்களோடதான் இரிப்பாளாம். பெட்டியத் திறந்து குடுங்க. மறந்திராதீங்க."

"ஓம், ஓம்" என்றேன். பெட்டியைக் காரிலேயே விட்டுவிட்டு இறங்கினேன்.

மறக்கவில்லை. வெட்கம்! கலியாண வீட்டுக்குச் சோறு கட்டிக்கொண்டு போவதா? எங்கள் ஊர் விருந்தில் தனித்தட்டு ஏது? சஹன்தான். ஒரு பெரிய தாம்பாளம் நிறைய நெய்ச்சோறு, கோழி, இறைச்சி... சுற்றி ஆறு பேர். அந்த வட்டத்தில் உட்கார்ந்து பிளாஸ்டிக் பெட்டியைத் திறந்தால் என்ன நினைப்பார்கள்? யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

சஹன் வந்தது. சோற்றின் மேலே பொரித்த கஜு!

நான் சும்மா இருப்பேனா? எங்கள் பக்கம் கிடந்த கஜுவை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, பஸ்லியாவின் தம்பி றிஸ்வியின் பக்கம் தள்ளினேன். வட்டத்தில் இருந்த எல்லாருக்கும் கண்டிப்பாகச் சொன்னேன்: "புள்ளைக்குக் கஜு ஒருத்தரும் குடுத்திராதீங்க!" பொறுப்பான வாப்பா என்று என்னைப் பற்றி எனக்கே பெருமை. பிறகு கோழியைப் பிய்த்து, சோற்றோடு பிசைந்து ஊட்டினேன்.

நாலாவது வாயில் ஹனா இருமினாள்.

"வாப்பா... தொண்டைக்குள்ள என்னமோ செய்யுது."

உதடு வீங்கத் தொடங்கியிருந்தது. கழுத்தெல்லாம் சிவந்த தடிப்பு. தூக்கிக்கொண்டு ஓடினேன். றிஸ்வி எங்கள் காரை எடுத்தார். பஸ்லியா செருப்பில்லாமல் ஓடிவந்து ஏறினாள்.

கல்முனை பஸாரில் ஒரு லொறி நடுவீதியில் நின்று மூட்டை இறக்கிக்கொண்டிருந்தது. றிஸ்வி ஹோர்னிலிருந்து கையை எடுக்கவில்லை. என் மடியில் ஹனாவின் மூச்சு விசில் மாதிரி வந்தது. அடுத்த மூச்சு வருமா? அது வந்தால்... அதற்கடுத்தது?

அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? சண்டை பிடித்தேன்!

"ஆரு குடுத்த? உங்களுக்குப் பக்கத்துல இருந்த மனிசன்தானே?"

"ஒருத்தரும் குடுக்கல்ல மச்சான். சும்மா இரிங்க!"

"இல்ல, ஆரோ குடுத்திரிக்காங்க!"

பின்சீட்டில் திறக்காத பெட்டி கிடந்தது. பஸ்லியா அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் தொடையில் ஊசி போட்டார்கள். ஒட்சிசன் வைத்தார்கள். மெல்ல மெல்ல அந்த விசில் அடங்கியது. அல்ஹம்துலில்லாஹ்... சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"கஜு எப்படி வயித்துக்குள்ள போனது?" டொக்டர் கேட்டார்.

"ஆரோ தெரியாமக் குடுத்திரிக்காங்க, டொக்டர்."

ஹனா மாஸ்க்கை ஒரு பக்கம் தள்ளினாள்.

"ஒருத்தரும் தரல்ல. வாப்பாதான் கஜு பொறுக்கின கையால ஊட்டினாரு."

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பிள்ளைக்கு ஆபத்து அடுத்தவன் கையிலிருந்துதான் வரும் என்று காவல் இருக்கிறோம். ஊருக்கெல்லாம் உத்தரவு போடுகிறோம். நம் கையை நாம் பார்க்கிறோமா?

வீட்டுக்கு வந்த பிறகு கேட்டேன்: "ஏன் மகள், அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"வாப்பாட கைதானே எண்டு நினைச்சேன்."

வருகிற கிழமை சாய்ந்தமருதில் இன்னொரு கலியாணம். சஹனுக்கு முன்னால் பெட்டியோடுதான் உட்காருவேன் — பார்க்கிறவர்கள் நன்றாகப் பார்க்கட்டும்!