செயின் இல்லாத சைக்கிள்

என் மாமனார் அடைக்கலத்துக்கு எண்பது வயது நெருங்குகிறது. ஜீயபுரத்தில் காலமெல்லாம் வாழை போட்டவர். அத்தை பவுனம்மாளுக்கு இடுப்பு முறிந்து ஆபரேஷன் ஆன பிறகு, இருவரையும் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்துவிடுவது என்று முடிவெடுத்தோம். முடிவெடுத்தது நானும், என் வீட்டுக்காரர் அரவிந்தனும், முசிறியில் வாழ்க்கைப்பட்டிருக்கும் நாத்தனார் மலர்க்கொடியும். மாமா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"என் சைக்கிள் வந்தா நான் வரேன்."

சாமான் ஏற்றிய குட்டியானை வேனில் பீரோவுக்கும் கட்டிலுக்கும் மேலே ராஜா மாதிரி உட்கார்ந்து வந்தது அந்தச் சைக்கிள். வாழைத்தாரும் இலைக்கட்டும் சுமந்து கேரியர் ஒரு பக்கம் சாய்ந்துபோன பழைய வண்டி. என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் அதற்கு இடம் ஒதுக்கச் சொன்னபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ரவிக்கை தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் எல்லாரும் ஹேண்டில்பாரில் இடித்துக்கொண்டுதான் உள்ளே வந்தார்கள்.

வந்த வாரமே மாமா முழங்கையில் சிராய்ப்போடு வீடு திரும்பினார்.

"என்ன மாமா, சைக்கிள்ல இருந்து விழுந்துட்டீங்களா?"

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

டாக்டர் மருந்து போட்டுவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சைக்கிள் கூடவே கூடாது. ஆனா தினமும் நடக்க வைங்க. இந்த வயசுல நடை நின்னா அப்புறம் படுக்கைதான்."

மலர்க்கொடி முசிறியிலிருந்து அடுத்த பஸ் பிடித்து வந்துவிட்டாள். அடுப்படியில் மாநாடு நடந்தது. "அப்பாகிட்ட வேணாம்னு சொன்னா வீம்புக்கே ஓட்டுவாரு அண்ணி. பேசாம செயினைக் கழட்டிருங்க" என்றாள். என் வீட்டுக்காரர் கழற்றி, பேப்பரில் சுற்றிப் பரணில் போட்டார். "செயின் அறுந்துபோச்சுப்பா. இந்த மாதிரி வண்டிக்கு இப்ப செயினே வர்றதில்லையாம்" என்று சுவரைப் பார்த்துக்கொண்டு அப்பாவிடம் சொன்னார். பொய் சொல்ல லாயக்கில்லாத மனிதர்.

மாமா வீட்டை இரண்டாக்குவார் என்று நினைத்தோம். "அப்படியா? சரி" என்றார். முகத்தில் துளி வருத்தம் இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு டீக்கடைக்குப் புறப்பட்டார். ஒரு கை ஹேண்டில்பாரில், ஒரு கை சீட்டில். வழியில் யார் கேட்டாலும், "செயின் இல்லப்பா. மகன் வாங்கித் தரேன்னிருக்கான்" என்று பதில். திரும்பும்போது ஹேண்டில்பாரில் கீரையும் கொத்தமல்லியும் தொங்கும். கூடவே அத்தைக்குச் சூடான மெதுவடைப் பொட்டலம். கொஞ்சம் நேரமானால் போதும், அத்தை கட்டிலிலிருந்தே குரல் கொடுக்க ஆரம்பித்துவிடுவார். வடைக்கா, ஆளுக்கா என்று நான் கேட்டதில்லை.

மலர்க்கொடி டவுனிலிருந்து நாலு கால் வைத்த ஊன்றுகோல் ஒன்று வாங்கி வந்தாள். மாமா அதைத் தூக்கிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், மெச்சினார். சாயங்காலம் பார்த்தால், கொல்லையில் தார் போட்டுச் சாய்ந்திருந்த வாழைக்கு அதை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார்.

"நல்ல முட்டு. துருவும் பிடிக்காது" என்றார். மலர்க்கொடியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்ததைக் கெடுத்தவர் தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அப்துல் மாலிக் பாய். தங்கமான மனிதர், அதுதான் சங்கடமே. பெரியவர் தினமும் தள்ளிக்கொண்டு போவதைப் பார்க்கப் பொறுக்காமல், மாமா டீ குடிக்கும் நேரத்தில் புதுச் செயின் மாட்டி, எண்ணெயும் விட்டு, காசு வேண்டாம் என்றுவிட்டாராம். "ஐயா, இனிமே நீங்க தள்ளவே வேணாம். ஏறி உக்காருங்க, பறக்கும்!" டீக்கடையே கை தட்டியதாம். முட்டி வலிக்கிறது, நாளைக்கு ஓட்டுகிறேன் என்று சமாளித்துவிட்டு மாமா தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தார்.

மறுநாள் அவர் போகவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. கேட்டால் வெயில் என்றார், வானம் மூட்டம் போட்டிருந்தது. வடை வரவில்லை. கட்டிலிலிருந்து பாத்ரூமுக்குச் சுவரைப் பிடித்துப் பிடித்து அவர் போவதைப் பார்த்தபோது எனக்குப் பகீரென்றது. டாக்டர் சொன்னது காதிலேயே நின்றது. மத்தியானம் அத்தையின் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே கேட்டேன்.

"செயின் வந்தும் மாமா ஏன் அத்தை வெளியவே போகமாட்டேங்கிறாரு?"

"செயின் வந்ததுதான்டி வினை. அவரு ஓட்டுறதை எப்பவோ விட்டுட்டாரு. முட்டி மடங்கமாட்டேங்குது. ஊர்ல கேரியர்ல ஒரு தாரை வச்சுத் தள்ளிக்கிட்டே போவாரு. தாரு இருந்தா எல்லாரும் தள்ளிக்கிட்டுத்தானே போவாங்க, யாரு கேக்கப் போறா? இங்க வெறும் சைக்கிளைத் தள்ளுனா, ஏன் பெரியவரே ஓட்டலையான்னு கேக்குறாங்க. அந்த ரோசத்துல ஏறப் போயித்தான் அன்னைக்கு விழுந்தாரு. நீங்க செயினைக் கழட்டுனதும்தான் மனுஷனுக்கு நிம்மதி."

"நாங்க கழட்டுனது அவருக்குத் தெரியுமா?"

"பரண்ல என்ன போட்டாலும் கட்டில்ல கெடக்குறவளுக்குத் தெரியாதா? நான்தான் சொன்னேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கோலை ஊன்றினால் கிழவன், சைக்கிளைத் தள்ளினால் வண்டி ரிப்பேர். அவ்வளவுதானே விஷயம்! இத்தனை நாள் ஹேண்டில்பாரைத் திட்டிய வாயால் அதைக் கும்பிடத் தோன்றியது. சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ம்" என்றார். அவர் பேசினால்தான் அதிசயம்.

விடிந்தும் விடியாமலும் இடுக்கியை எடுத்துப் போய் பாய் மாட்டிய செயினை நானே கழற்றினேன். புடவையெல்லாம் கிரீஸ். செயினை ரவிக்கைத் துணி மூட்டைக்குள் திணித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல் காபி போடப் போனேன்.

மாமா எழுந்து வந்தார். சைக்கிளைக் குனிந்து பார்த்தார்.

"பிரேமா! பாய் போட்ட செயினும் போச்சு போலிருக்கே."

"அப்படியா மாமா? இந்தக் காலத்துச் செயின் அவ்வளவுதான்."

அவர் முகம் தெளிந்துவிட்டது. உள்ளே போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். பையை ஹேண்டில்பாரில் மாட்டி, ஸ்டாண்டை எடுத்துத் தள்ளினார். வண்டி நகரவில்லை. பார்த்தால், இரண்டு டயரிலும் பொட்டுக் காற்று இல்லை.

திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். பேப்பரை மூக்கில் இடிக்கும்படி பிடித்திருந்தார். பால் வாங்கப் போகிற அவசரத்தில், செயின் இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல், அவர் பங்குக்குக் காற்றைப் பிடுங்கிவிட்டிருக்கிறார்.

மாமா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஏம்மா, செயின் இல்லாம தள்ளலாம். காத்து இல்லாம எப்படிம்மா தள்ளுறது?"

முதலில் சிரித்தது உள்ளேயிருந்து அத்தைதான். என் வீட்டுக்காரர் பேப்பரைப் போட்டுவிட்டு ஓடிப் போய்ப் பம்பை எடுத்து வந்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து காற்றடித்தார். பிடித்துக்கொள்ள வேறொன்றும் இல்லாததால் மாமா மகனுடைய தோளில் கையை ஊன்றிக்கொண்டார். கடைசிவரை எடுக்கவில்லை.

"பின் சக்கரத்துக்கும் நல்லா அடிப்பா. உங்கம்மா வடை கேப்பா."