ஜன்னலில் தெரிந்த ஆட்டோ

அன்று காலை வீட்டில் இருந்தது மூன்றே பேர். நான், எல்கேஜி படிக்கும் மகள், அங்கன்வாடியில் விடும்போது இன்னும் அழுகிற இரண்டரை வயது மகன். இல்லாதவர்கள்தான் அதிகம். மனைவி விடியும் முன்பே கம்பெனி பஸ் ஏறிப் போய்விட்டாள். அம்மாவும் அப்பாவும் கருங்குழியில். எதிர் போர்ஷன்காரர்கள் ஒரு கல்யாணத்துக்காகச் சொந்த ஊர் போயிருந்தார்கள். வீட்டுக்காரம்மா மகளின் பிரசவத்துக்கு. சதுரங்கப்பட்டினத்துக் கடல் பக்கமிருந்து மழை சாய்ந்து அடித்துக்கொண்டிருந்தது. நான் அவசரமே இல்லாமல் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன், மகள் கேட்டபடி பூனை வடிவத்தில். காதுக்கு இரண்டு துளி மாவு விட்டுவிட்டு அது வேகக் காத்திருந்தபோது போன் அடித்தது. கூடப் படிக்கும் நண்பன்.

“மச்சான், எங்க கீற?”

“வூட்லதான். லீவாச்சே?”

“இன்னாடா லீவு? காலேஜுக்குத்தான் லீவு. எக்ஸாமு கீதுடா! எல்லாரும் வந்துகினு கீறாங்க. கெளம்பு மொதல்ல.”

முதல் நாள் இரவே கலெக்டர் விடுமுறை விட்டுவிட்டார். பள்ளி, கல்லூரிகளுக்கு விடுமுறை என்ற செய்தியை மச்சினன் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தான். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அப்பா எழுத்துக் கூட்டுவதற்குள் அடுத்த செய்தி வந்துவிடும். ஆனாலும் இருவரும் யாரையோ படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “பாவம், நல்லா தூங்கட்டும்” என்று குரல் பதிவு அனுப்பியிருந்தார்கள். எங்கள் வீட்டில் லீவு என்றால் லீவு. மழை பெய்தால் நடவும் கிடையாது, கூலியும் கிடையாது, அவ்வளவுதான். கல்லூரிக்கு விடுமுறை விட்டாலும் பல்கலைக்கழகத் தேர்வு நடக்கும் என்று தனியாக ஒரு விதி இருப்பதைச் சொல்ல, எனக்கு முன்னால் யாரும் அந்தப் பக்கம் போனதில்லை. அந்தச் செய்தியின் கீழே அதுவும் ஒரு வரியில் இருந்ததாம். மச்சினன் அனுப்பிய படத்தில் அந்த வரி வெட்டுப்பட்டிருந்தது.

பி.எட். இரண்டாம் ஆண்டின் கடைசித் தாள் அது. மதுராந்தகம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் ஜூன் மாதம் கணக்கு ஆசிரியர் இடம் காலியாகிறது, கோர்ஸை முடித்துவிட்டு வா என்று தாளாளர் சொல்லியிருந்தார். மனைவி அந்த ஜூனைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் வேலை ஷிப்டு முழுக்க நின்றுகொண்டே செய்வது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தரையில் உட்கார்ந்து காலை நீட்டிச் சுவரில் சாய்வாள். பிள்ளைகள் அந்தக் கால்களின் மேல் ஏறி விளையாடுவார்கள். “ஜூன் வரைக்கும்தான்” என்பாள். நான் மாலையில் அணுபுரத்தில் டியூஷன் எடுத்து வரும் பணம் பாலுக்கும் கேஸுக்கும் சரியாகப் போகும். ஒரு தாள் போனால் ஜூனும் போகும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

கம்பெனிக்குள் போனை லாக்கரில் வாங்கி வைத்துவிடுவார்கள். அவளைக் கூப்பிட வழியில்லை. அப்போதுதான் எனக்கு ஆட்டோ அண்ணாத்த நினைவுக்கு வந்தார். மகளைத் தினமும் பள்ளிக்கு ஏற்றிப் போகிறவர். ஐம்பதைத் தாண்டியவர். யாராக இருந்தாலும் வாத்தியாரே என்பார். என்னை மட்டும், நான் பி.எட். படிப்பது தெரிந்ததிலிருந்து, கொஞ்சம் இழுத்து ‘வாத்தியாரே’ என்பார். பள்ளி விடுமுறை என்பதால் வீட்டில்தான் இருந்தார். லுங்கியோடு வந்து நின்று, நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“இன்னா வாத்தியாரே, எல்லாரும் படிச்சிட்டுப் புள்ள பெத்துக்குவான். நீ புள்ளையப் பெத்துகினு படிக்கிற. உல்ட்டாவா கீதே.”

“அண்ணாத்த, இப்ப அதெல்லாம் பேச நேரமில்ல.”

“போவ வர எண்ணூறு. வெயிட்டிங்கு இரநூறு. புள்ளைங்கள நான் பாத்துக்கறேன், அதுக்குத் துட்டு வேணாம். ஆனா சின்னவன் என் மேல வாந்தி எடுத்தான்னா அது தனி.”

திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு போனோம். இரண்டு பக்கமும் படுதாவை இறக்கிவிட்டிருந்தும் சாரல் உள்ளே வந்தது. மகன் என் மடியில், புத்தகம் மகன் தலைமேல். நான் படித்துக்கொண்டே போனேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் அவன் பக்கங்களைத் திருப்பிக்கொண்டே வந்தான், திருப்பிய பக்கத்தில் என்ன இருந்ததோ அதைப் பார்த்துக்கொண்டேன். இரண்டு வருடமும் எனக்கு இப்படித்தான் நடந்தது. ஒருவன் தூங்கிய பிறகு இன்னொருத்தி விழிப்பாள். குறிப்பேட்டில் கிரேயான் கோடு இல்லாத பக்கம் கிடையாது. பயிற்சி வகுப்புக்குச் செய்த சார்ட் ஒன்றை மகன் பால் ஊற்றி முடித்து வைத்தான். வகுப்பில் மற்றவர்கள் என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர்கள். மாலை அரட்டைக்கு நிற்க மாட்டேன் என்பதால் நான் கர்வம் பிடித்தவன் என்று முதலில் நினைத்தார்களாம்.

தேர்வு நடந்த கல்லூரியின் கேட்டுக்கு எதிரே ஒரு புங்க மரம். அதன் கீழ் ஆட்டோவை நிறுத்தினார். எனக்குக் கிடைத்த இடம் மாடியில், ஜன்னலை ஒட்டி. தலையைத் திருப்பினால் ஆட்டோவின் மஞ்சள் தெரியும். படுதாவுக்கு வெளியே மகளின் கை நீண்டு மழையைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் பேனா ஓடியது. சிறு கேள்விகளை முடித்தேன், நடுத்தரக் கேள்விகளையும் முடித்தேன். பெரிய கேள்விகளில் முதலாவதைப் பாதி எழுதியிருப்பேன். நிமிர்ந்தபோது ஆட்டோ நகர்ந்தது. மரத்தைச் சுற்றித் திரும்பி, ஸ்டேஷன் பக்கமாகப் போய் மறைந்துவிட்டது.

பெட்ரோல் பங்குக்காக இருக்கும் என்று நினைத்தேன். டீக்காக இருக்கும். டீக்கடை எதிரிலேயே இருக்கிறது. நான் எழுதிக்கொண்டிருந்த வாக்கியத்தை முடித்தேன், அடுத்ததையும் எழுதினேன், ஆனால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு முறை மரத்தடியைப் பார்த்தேன். அவர் வீடு எது, மனைவி யார், எத்தனை வருடமாக இந்த ஊரில் ஓட்டுகிறார் எல்லாம் எனக்குத் தெரியும். அதெல்லாம் தெரிந்தும் காலியான மரத்தடியைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை. கடைசிப் பெரிய கேள்வியைத் தொடாமலே எழுந்து தாளை நீட்டினேன்.

அறையில் இருந்த மேடம், “தம்பி, இன்னும் நேரம் இருக்கு. குடுத்துட்டா திரும்ப வாங்க முடியாது. உடம்பு ஏதாவது சரியில்லையா?” என்றார். இல்லை என்று தலையாட்டிவிட்டுப் படியிறங்கி ஓடினேன்.

வெளியே வைத்திருந்த பையிலிருந்து போனை எடுத்து அண்ணாத்தவுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. டீக்கடைக்காரர் ஸ்டேஷன் பக்கம் கை காட்டினார். நனைந்துகொண்டே அந்தப் பக்கம் நடந்தேன். கொஞ்ச தூரம்தான் போயிருப்பேன். எதிரே ஆட்டோ வந்தது. அண்ணாத்த மேலே வெறும் பனியனோடு ஓட்டி வந்தார். பின்னால் மகன் யானைப் படம் போட்ட புது டவுசரில், அவருடைய காக்கிச் சட்டையைப் போர்த்திக்கொண்டு பன் தின்றுகொண்டிருந்தான்.

“அப்பா! தம்பி ஆட்டோலயே கக்கா போய்ட்டான்!” என்றாள் மகள், ஊருக்கே கேட்கிற மாதிரி.

“அந்தப் பேஜார இன்னான்னு சொல்றது” என்று ஆரம்பித்தார் அண்ணாத்த. “தொடச்சி, கழுவி, கடைய தேடிப் போய் டவுசர் வாங்கி மாட்டி வுட்டு…” அங்கேயே நிறுத்திவிட்டார். என் ஈரச் சட்டையைப் பார்த்தார். கேட்டைப் பார்த்தார். வேறு யாரும் வெளியே வந்திருக்கவில்லை.

“மணி இன்னும் ஆவலியே. முடிச்சிட்டியா?”

“கொஞ்சம் பாக்கி அண்ணாத்த.”

“அப்பால இன்னாத்துக்கு வெளிய வந்த?”

நான் கை நீட்டி மகனைத் தூக்கிக்கொண்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

“நான் இன்னா புள்ள புடிக்கிறவனா?” என்றார். சத்தமாகக் கூடச் சொல்லவில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் பிள்ளைகளோடு மட்டும் பேசினார். திருக்கழுக்குன்றத்தில் நிறுத்தி, “நாஸ்தா துன்றீங்களா?” என்று அவர்களை இறக்கி இட்லி வாங்கிக் கொடுத்தார், என்னைக் கூப்பிடவில்லை. வீட்டு வாசலில் எண்ணூறு, இருநூறு, டவுசருக்கு நூற்றிருபது என்று சொன்னார். கொடுத்ததை எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டு போனார். இட்லிக்கும் பன்னுக்கும் கேட்கவில்லை, நான் நீட்டியதை வாங்கவும் இல்லை.

சாயங்காலம் மனைவி வந்து காலை நீட்டி உட்கார்ந்ததும் மகள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நான் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். அவள் டவுசரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “ஒரு சைஸ் பெருசா வாங்கியிருக்காரு. வெவரமானவரு” என்றாள். பிறகு, “அவர்கிட்ட வுட்டதும் சரிதான். நீ எழுந்து வந்ததும் சரிதான். நானா இருந்தா ஆட்டோ கெளம்புனப்பவே வந்திருப்பேன்” என்றாள். ஜூனைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. எழுந்து வந்தது தவறு என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. அது அவரை எங்கே தொட்டது என்பதும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் எனக்கு வழி எதுவும் அகப்படவில்லை.

சில மாதம் கழித்து முடிவு வந்தபோது, மூன்று மார்க்கில் போயிருந்தது. அதை ஊருக்குச் சொன்னதும் மகள்தான். மறுநாள் காலை ஆட்டோவில் ஏறும்போதே, “எங்கப்பா பெயிலு” என்று மற்றப் பிள்ளைகளிடம் பெருமையாக அறிவித்தாள். மாதக்கணக்கில் என்னைப் பார்த்தால் ஹாரன் மட்டும் அடித்துக்கொண்டிருந்த அண்ணாத்த அன்று மத்தியானம் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“இன்னா, பெயிலாமே?”

“மூணு மார்க்கு, அண்ணாத்த.”

கொஞ்ச நேரம் செருப்பால் தரையைத் தேய்த்தார். “அன்னிக்கி வாட்ச்மேன்கிட்ட சொல்லிட்டுத்தான் போனேன். இந்த மாதிரி, புள்ளைக்கி டவுசர் வாங்கப் போறோம், மேல நம்ம ஆளு ஒருத்தர் எழுதிகினு கீறாரு, ஒரு வார்த்த சொல்லிடுன்னேன். எக்ஸாம் ஹாலாண்ட அவனும் போவக் கூடாதுன்னுட்டான். நானே வர்றேன்னேன், உள்ள வுடல.” பிறகு, “மறுபடி எப்ப வெக்கிறான்?” என்றார்.

“மே மாசம்.”

“அப்பவும் ஸ்கூலு லீவுதான். உன் ராசி அப்பிடி” என்றார். தேதி வந்ததும் சொல்லச் சொல்லிவிட்டுப் போனார்.

மே மாதம் அனல் அடித்தது. காலையில் அவர் வந்தபோது ஆட்டோவில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார், மடியில் மோர் நிரப்பிய பாட்டிலும் இரண்டு துண்டுகளுமாக. நான் கேட்பதற்கு முன்பே அண்ணாத்த சொன்னார்: “இந்த தபா வூட்டம்மாவையும் இட்டாந்துட்டேன். எதுனா ஒண்ணுன்னா அது எறங்கிப் போவும். வண்டி எடுக்க மாட்டேன். நீ எட்டிப் பாத்தா ஆட்டோ தெரியணும், அவ்ளோதான்.”

“ஆமாங்க சார், காலையிலேர்ந்து இதே பேச்சுதான். நீங்க நிம்மதியா எழுதுங்க” என்றார் அந்த அம்மா.

இந்த முறை கிடைத்த இடம் ஜன்னலிலிருந்து தள்ளி. எழுந்தால்தான் தெரியும். கூடுதல் தாள் வாங்க எழுந்த போதெல்லாம் பார்த்தேன். மர நிழல் நகர்ந்து போய் ஆட்டோ முழு வெயிலில் நின்றது. பிள்ளைகளும் அந்த அம்மாவும் நிழலோடு நகர்ந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணாத்த மட்டும் சீட்டில், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு. பத்தடி தள்ளினால் நிழல். அவர் தள்ளவில்லை. கடைசி மணி அடிக்கும் வரை எழுதினேன்.

மறுதேர்வு முடிவு வருவதற்குள் ஜூன் தாண்டிவிட்டது. அந்தப் பள்ளியில் வேறொருவர் சேர்ந்துவிட்டார். அடுத்த கல்வியாண்டில்தான் எனக்கு வேலை கிடைத்தது, கருங்குழிக்குப் பக்கத்திலேயே. இப்போது விடுமுறைச் செய்தி ஆசிரியர்கள் குழுவுக்கு வந்ததும் கடைசி வரிவரை படித்துவிட்டுத்தான் பிள்ளைகளிடம் சொல்கிறேன். அண்ணாத்த இன்னும் சதுரங்கப்பட்டினத்தில்தான் ஓட்டுகிறார். இப்போது மகனும் அந்த ஆட்டோவில்தான் பள்ளிக்குப் போகிறான்.

அன்று மே மாதம் வாசலில் இறங்கும்போது, வெயிலில் நின்றதற்குக் கூடக் கொடுக்கப் போனேன். “ரேட்டு ரேட்டுதான். போவ வர எண்ணூறு, வெயிட்டிங்கு இரநூறு. வூட்டம்மா சும்மா ஊர் சுத்த வந்துச்சி, அதுக்கு இன்னா துட்டு?” என்றார். ஆக, அந்த ஒரு தாளுக்கு ஆட்டோவுக்கு மட்டும் இரண்டு முறையும் சேர்த்து இரண்டாயிரத்து நூற்றிருபது ரூபாய். என் மனைவிக்கு, நின்ற காலில் இன்னும் ஒரு வருடம்.